அளந்து போடுவோம்

(ஹட்டனில் மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு பெண்கள் சுகாதாரம். பெரிய தலைப்பு. அதற்குள்ளே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறேன். பிராவைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும், மார்பு சற்றுப் பெரிதாக உள்ள பெண்கள் தங்களுக்குச் சரியான பிராவை எப்படி அளந்து எடுப்பது என்று பேசப் போகிறேன்.

முன்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. நல்லது, சிரியுங்கள். சிரித்து முடிந்தால் பாதி வெட்கம் போய்விடும். பின்னால் கதவோரம் நிற்கும் அண்ணன்மாரே, நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்து சாமான் வாங்குகிறவர்கள் நீங்கள். எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களும் பல வீடுகளில் நீங்கள்தான். ஆகவே நீங்களும் கேளுங்கள்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கட்டுநாயக்கவுக்குப் போனேன். கார்மெண்டில் பிரா தைத்தேன். இப்போது இந்த டவுனில் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதும் உண்டு. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

தாய்மாரே, ஒரு கேள்வி கேட்கிறேன். வெளிநாட்டுப் பெண்கள் போடும் விலை உயர்ந்த பிராக்கள் எங்கே தைக்கப்படுகின்றன? பாரிசிலா? நியூயோர்க்கிலா? அதில் ஒரு பெரும் பங்கு இந்த நாட்டில் தைக்கப்படுகிறது. 1978-இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1987-இல் அமலீன் சகோதரர்கள் மூவர் எம்.ஏ.எஸ். என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். அது இன்று உள்ளாடை தைப்பதில் உலகத்தின் பெரிய கம்பனிகளில் ஒன்று. 1992-இல் பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. விக்டோரியாஸ் சீக்ரெட் என்று உலகமெங்கும் பெயர் போன கடைக்கு இங்கிருந்து பெட்டி பெட்டியாகப் போகிறது.

யார் தைக்கிறார்கள்? நம் பிள்ளைகளும் தைக்கிறார்கள். கொழுந்துக் கூடை வேண்டாம் என்று மலையை விட்டு இறங்கிய பிள்ளைகள், போர்டிங் அறையில் நான்கு பேராகத் தங்கி, விடிய முன் எழுந்து போய்த் தைக்கிறார்கள்.

ஒரு பிராவுக்கு இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள் உண்டு. கப் துணி, நடுத்துண்டு, பக்கத்துண்டு, கீழ் இலாஸ்டிக், வயர் நுழையும் நாடா, தோள்பட்டி, அதில் ஏறி இறங்கும் வளையம், முதுகில் கொக்கி. ஒரு பிள்ளை கப்பை மட்டும் மூட்டுவாள். அடுத்த பிள்ளை நடுத்துண்டை வைப்பாள். தையல் இரண்டு மில்லிமீட்டர் விலகினால், குவாலிட்டி பார்க்கும் பிள்ளை அந்தப் பீஸை எடுத்துத் தனியே போட்டுவிடுவாள். அவ்வளவு கணக்கு! கண்ணால் ஒரு தடவைகூடப் பார்க்காத வெள்ளைக்காரப் பெண்ணின் உடம்புக்கு அவ்வளவு கவனம்!

அதே பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்குச் சேலை வாங்கி வருகிறாள். ஸ்வெட்டர் வாங்கி வருகிறாள். பிரா வாங்கி வருகிறாளா? வாங்கி வர நினைத்தாலும் அம்மாவின் அளவு அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. உலகத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் தைக்கிறோம். நமக்குக் குத்துமதிப்பாகப் போடுகிறோம். இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

நம் அக்கா ஒருத்தி எப்படி வாங்குகிறாள் என்று பார்ப்போமா? ஞாயிற்றுக்கிழமை. பேமண்ட் கடை. கடைக்காரத் தம்பி கேட்கிறார், "என்ன சைஸ் அக்கா?" அக்கா அக்கம்பக்கம் பார்க்கிறாள். தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வாய்க்குள்ளே சொல்கிறாள், "நாற்பது." அவர் ஒன்றை எடுத்துக் கறுப்புச் சொப்பின் பையில் சுருட்டிக் கொடுக்கிறார். அக்கா விரித்துக்கூடப் பார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டு நடக்கிறாள். கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தவள் அவள்தான்!

அந்த நாற்பது எங்கிருந்து வந்தது? ஜாக்கெட் தைக்கும்போது தையல்காரர் மார்பின் மேலே டேப்பைச் சுற்றிச் சொன்ன எண் அது. ஜாக்கெட்டுக்கு அது சரி. பிராவுக்கு அது தவறு. ஒரே அடியாகத் தவறு.

கவனமாகக் கேளுங்கள், இதுதான் இன்றைய பேச்சின் முதுகெலும்பு. பிராவின் அளவில் ஒரு எண் இருக்கும், ஒரு எழுத்து இருக்கும். எண் சொல்வது, மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிப் போகும் பட்டியின் அளவை. எழுத்து சொல்வது, மார்பு அந்தப் பட்டியை விட்டு எவ்வளவு முன்னால் வருகிறது என்பதை. இங்கிலாந்து முறையில், மார்பைச் சுற்றி எடுக்கும் மேலளவிலிருந்து மார்புக்குக் கீழே எடுக்கும் கீழளவைக் கழித்து ஒரு அங்குலம் வந்தால் ஏ. இரண்டு வந்தால் பி. மூன்று சி. நான்கு டி. ஐந்து டபுள் டி. ஆறு ஈ. ஏழு எப். இப்படியே எழுத்து மேலே போகும்.

நம் அக்காவை அளப்போம். கீழளவு 34 அங்குலம். மேலளவு 40. வித்தியாசம் ஆறு. அப்படியென்றால் அவளுக்கு முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது 34 ஈ. அவள் போட்டிருப்பது என்ன? கடைக்காரத் தம்பி எடுத்துக் கொடுத்த 40 சி.

இனி ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். கார்மெண்டில் வேலை செய்த பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். எழுத்து தனியாக நின்று எந்த அளவையும் சொல்லாது. எண்ணோடு சேர்ந்துதான் சொல்லும். எண் ஒரு படி ஏறினால், எழுத்து ஒரு படி இறங்கினாலும் கப் கொள்ளும் அளவு ஒன்றுதான். 34 ஈ, 36 டபுள் டி, 38 டி, 40 சி, இந்த நான்கின் கப்பும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு. வயர்கூடப் பெரும்பாலும் ஒன்றேதான் போகும். ஆகவே 40 சி போட்ட அக்காவுக்குக் கப் கொள்கிறது. அதனால் "எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது" என்று நினைக்கிறாள். ஆனால் பட்டி? 34 அங்குல உடம்பில் 40 எண் பட்டி! கடைசிக் கொக்கியில் மாட்டினாலும் முதுகில் மேலே ஏறுகிறது.

பட்டி மேலே ஏறினால் என்ன ஆகும்? மார்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது பட்டி. தோள்பட்டியின் வேலை கப்பை அதனிடத்தில் நிறுத்துவது மட்டும். பட்டி தொளதொளத்தால் முழுப் பாரமும் தோளுக்குப் போகும். அப்போது அக்கா என்ன செய்கிறாள்? தோள்பட்டியை இறுக்குகிறாள். போதாவிட்டால் முடிச்சுப் போடுகிறாள். இன்னும் போதாவிட்டால் இரண்டு பட்டியையும் முதுகில் சேர்த்து ஊக்குக் குத்துகிறாள். இங்கே எத்தனை பேர் முதுகில் இப்போது ஊக்கு இருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம். தூக்கினால் ஊக்குக் கழன்றுவிடும்!

தோளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு தோளிலும் ஒரு பள்ளம் இருக்கும். அது வயதால் வந்த பள்ளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வருடக்கணக்காக அங்கே ஒரு மெல்லிய நாடா பாரம் சுமந்து அறுத்த பள்ளம் அது.

இதோடு நம் வேலையைச் சேர்த்துப் பாருங்கள். கொழுந்துக் கூடையின் கயிறு எங்கே பிடிக்கிறது? உச்சந்தலையில். பாரம் எங்கே தொங்குகிறது? முதுகில். பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், என்று சொல்லும் தோட்டத்தில், சரிவில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி நாள் முழுக்கப் பறிக்கிறோம். கழுத்து ஏற்கனவே ஒரு சுமையைத் தாங்குகிறது. அதன் பக்கத்திலேயே தோளை இரண்டு நாடா அறுக்கிறது. கழுத்து வலி, தோள் வலி, கைவிரல் மதமதப்பு எல்லாம் பிராவால் வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய். கூடைக்குப் பங்குண்டு, மலைக்குப் பங்குண்டு, ஓய்வில்லாத உடம்புக்குப் பங்குண்டு. ஆனால் பிராவின் பங்கை நாமே, இந்தக் கையாலேயே, ஒரு டேப்பை வைத்துக் குறைக்கலாம். மற்றதற்கெல்லாம் சங்கம் வேண்டும், பேச்சுவார்த்தை வேண்டும், வர்த்தமானி வேண்டும். 2021-இல் கிடைத்த 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் அலைந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். இதற்கு யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

"எழுத்து பெரிதாக இருந்தால் அசிங்கம்" என்று நம் பெண்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. டி என்றாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஈ என்று சொன்னால் அப்படியும் ஒரு சைஸ் உண்டா என்கிறார்கள். ஏன் இந்த எண்ணம்? 1932-இல் அமெரிக்காவில் காம்ப் என்ற கம்பனி முதன்முதலில் மார்பின் அளவுக்கு எழுத்து வைத்தபோது நான்கே எழுத்துதான் வைத்தது. ஏ, பி, சி, டி. 1937-இல் வார்னர்ஸ் கம்பனியும் அந்த நான்கைத் தன் பிராக்களுக்கு எடுத்துக்கொண்டது. அன்றைக்கு டி கடைசி எழுத்து. தொண்ணூறு வருடம் கழித்தும் நம் கடைத்தெருவுக்கு அதுதான் கடைசி எழுத்து! ஒல்லியான தங்கச்சி ஒருத்திக்கு 30 டி சரியாக வரும். பார்த்தால் யாரும் பெரிய மார்பு என்று சொல்ல மாட்டார்கள். நான்கு அங்குல வித்தியாசம், அவ்வளவுதான் டி. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொரு குழப்பத்தையும் அவிழ்த்துவிடுகிறேன். பிராவின் லேபலைப் பார்த்தால் 34 என்று இருக்கும், பக்கத்திலேயே 75 என்று இருக்கும். 75 என்பது சென்டிமீட்டர். டேப்பைத் திருப்பிப் பாருங்கள், 75 சென்டிமீட்டருக்கு எதிரே 34 அங்குலமா இருக்கிறது? இருபத்தொன்பதரை! மீதி நாலரை அங்குலம் எங்கே போனது? அந்தக் காலத்தில் கீழளவை எடுத்து, அதோடு நான்கோ ஐந்தோ அங்குலத்தைக் கூட்டித்தான் எண் போட்டார்கள். அந்தக் கூட்டல் இன்னும் பல கம்பனிகளின் லேபலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில கம்பனிகள் விட்டுவிட்டன. மார்பு பெரிதாக உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கூட்டலால் அதிக நட்டம். பட்டி பெரிதாகிறது, எழுத்து சின்னதாகிறது.

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது? எண்ணை முழுதாக நம்பாதீர்கள். பட்டியை நம்புங்கள். பேமண்ட் கடையில் போட்டுப் பார்க்க அறை இல்லை. ஆனால் கையில் டேப் கொண்டுபோகலாமே! பிராவின் பட்டியை நீட்டிப் பிடித்து நன்றாக இழுங்கள். இழுத்த பிறகுதான் அது உங்கள் கீழளவை எட்ட வேண்டும். இழுக்காமலே எட்டிவிட்டால் அது உங்களுக்குப் பெரிது. எந்தக் கம்பனி, எந்த நாடு, எந்த லேபல் என்றாலும் இந்தச் சோதனை ஓரளவுக்குக் கைகொடுக்கும். கடைக்காரத் தம்பி முறைத்தால் முறைக்கட்டும். காசு நம்முடையது.

சரி, எப்படி அளப்பது? கேட்டால் எளிது, செய்தாலும் எளிது. வீட்டில் அக்கா தங்கச்சி இரண்டு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் எளிது.

முதலில் டேப்பைப் பாருங்கள். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பிள்ளையின் பாடசாலை அடிமட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்வெட்டருக்கு மேலே அளக்கக் கூடாது. குளிர்தான், எனக்கும் தெரியும், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். மார்புக்கு நேர் கீழே, விலாவைச் சுற்றி, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் டேப் இருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு இறுக்கமாக எடுங்கள். அது கீழளவு.

மேலளவில்தான் பெரிய மார்புக்காரர்கள் ஏமாந்து போகிறோம். நிமிர்ந்து நின்று எடுத்தால் மார்பு கீழே சரிந்திருக்கும், டேப் அதன் மேல்பகுதியில் ஓடும், அளவு குறைவாக வரும். ஆகவே ஒரு தடவை நின்று எடுங்கள். இன்னொரு தடவை இடுப்பை மடக்கி, முதுகு தரைக்குச் சமமாக வரும்படி குனிந்து எடுங்கள். டேப் தொட்டுக்கொண்டு போக வேண்டும், அமுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்திய சில நாட்களில் மார்பு கனத்து வீங்கும் பெண்கள் அந்த நாட்களில் அளக்க வேண்டாம்.

இப்படி எடுத்த அளவு முடிந்த முடிவா? இல்லை. அது தொடக்கம். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மார்பின் அசைவையும் அதைத் தாங்கும் உடையையும் பற்றி ஆராய ஒரு குழுவே இருக்கிறது. டேப்பை மட்டும் நம்பினால், அதுவும் பெரிய மார்புக்கு, அளவு தவறுகிறது, உடம்பில் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வொல்லொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த பெண்களில் 85 வீதமானவர்கள் பொருந்தாத பிராவைத்தான் போட்டிருந்தார்கள். கண்ணாடி வைத்த கடை, போட்டுப் பார்க்க அறை, உதவிக்கு ஆள் எல்லாம் இருக்கிற நாட்டிலேயே 85 வீதம்! ஆகவே நமக்கு மட்டும் தெரியவில்லை என்று தலை குனிய வேண்டாம்.

உடம்பில் போட்டு எப்படிப் பார்ப்பது? புதுப் பிராவை வெளிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில் மாட்டுங்கள். இலாஸ்டிக் நாள் போகப் போக இழுபடும், அப்போது உள்ளே உள்ள கொக்கிகள் உதவும். புதிதிலேயே உள்ளே உள்ள கடைசிக் கொக்கியில் மாட்டினால்தான் நிற்கிறது என்றால் அது உங்கள் பிரா இல்லை. மாட்டிய பிறகு குனிந்து, கையை உள்ளே விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கிய சதையை முன்னால் எடுத்துக் கப்புக்குள் வையுங்கள். இதை நம் பெண்கள் யாருமே செய்வதில்லை. செய்தவுடன் பலருக்குக் கப் சின்னது என்று தெரியும். மேலே சதை பிதுங்கி இரண்டு மேடாகத் தெரிந்தால் கப் சின்னது. துணி சுருங்கி நின்றால் கப் பெரிது. வயர் உள்ள பிரா என்றால், நடுத்துண்டு நெஞ்செலும்பில் பதிந்து உட்கார வேண்டும். வயர் மார்பின் சதைமேல் ஏறக் கூடாது, அக்குள் பக்கம் மார்பு முடிகிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும், கை போகக் கூடாது.

இனி நம் சோதனை. இதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். குனியுங்கள். பக்கவாட்டில் திரும்புங்கள். கூடையில் கொழுந்தைப் போடுகிற மாதிரி கையைத் தோளுக்கு மேலே பின்னால் கொண்டு போங்கள். பட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறதா? நின்றால் அது மலைக்குப் போகத் தகுந்த பிரா. மேலே ஏறினால், கண்ணாடி முன்னால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

"அக்கா, நீ சொல்கிற 34 ஈ ஹட்டனில் எந்தக் கடையில் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேடினாலும் கிடைப்பது கஷ்டம். ஆகவே ஒரு குறுக்குவழி சொல்கிறேன். 36 டபுள் டி, அதுவும் இல்லாவிட்டால் 38 டி வாங்குங்கள். கப் கொள்ளளவு ஒன்றுதான் என்று முன்னே சொன்னேனே! பட்டிதான் கூடுதல். கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் குறையும்படி மடித்துத் தையல்காரரிடம் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குலம் வரை தாராளமாகப் பிடிக்கலாம். அதற்கு மேலே போனால் தோள்பட்டி முதுகுப் பக்கம் இழுபடும். ஆகவே 38 டி கொஞ்சம் தளர்வாகத்தான் நிற்கும், முடிந்தவரை 36 டபுள் டி தேடுங்கள். வாங்கும்போது கப்பில் தையல் வைத்து மூன்று துண்டாக மூட்டியதைப் பாருங்கள். பஞ்சு வைத்து வார்த்த கப்பை விட அது பெரிய மார்பை நன்றாகத் தூக்கிப் பிடிக்கும். தோள்பட்டி அகலமாக இருக்கட்டும். முதுகில் மூன்று கொக்கி வரிசை இருக்கட்டும்.

நல்ல பிரா ஒரு நாள் சம்பளத்தில் வராமல் போகலாம். மறைக்க மாட்டேன். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இளகிப்போகிற மூன்றை வாங்குவதை விட, உழைக்கிற இரண்டை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது மேல்.

உழைக்க வேண்டுமானால் காய்ந்தாக வேண்டும். இங்கேதான் நம் மலைக்கே உரிய பிரச்சினை வருகிறது. மழை, பனி, மறுபடியும் மழை. லயத்துக்கு முன்னால் கொடியில் சேலை காய்கிறது, சாரம் காய்கிறது, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை காய்கிறது. பிரா எங்கே? துவாய்க்கு அடியில். சில வீடுகளில் வெளியே வருவதே இல்லை. உள்ளே, அடுப்புக்கு மேலே, புகையில் தொங்குகிறது. துவாய்க்கு அடியில் வைத்தால் ஈரம் போகாது. அடுப்புச் சூட்டில் வைத்தால் இலாஸ்டிக் செத்துவிடும். ஈரம் போகாததை மறுநாள் காலை போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறோம். மார்புக்கு அடியில், தோலும் தோலும் உரசுகிற மடிப்பில், சிவந்து, அரித்து, சில வேளை நாற்றமும் வரும். பெரிய மார்புள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். ஈரத்திலும் வெப்பத்திலும் வளரும் பூஞ்சணம் பெரும்பாலும் அதில் சேர்ந்துகொள்ளும். மஞ்சள் பூசி மறைக்க வேண்டாம். கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த பருத்தித் துணி போடுங்கள். குறையாவிட்டால் டிஸ்பென்சரியிலோ டிக்கோயா வைத்தியசாலையிலோ காட்டுங்கள். மருந்து உண்டு.

பிராவைக் கொடியில் வெளிப்படையாகப் போடுங்கள் அம்மா! யார் என்ன சொல்வார்கள்? கொடியில் தொங்குவது துணி.

பால் கொடுக்கிற தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய பிராவை இறுக்கிப் போட்டுக்கொண்டு மலையில் நின்றால், பால் கட்டி, நெறி கட்டி, காய்ச்சலும் வரலாம். பிள்ளை மடுவத்துக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுகிற பிள்ளைகள் நீங்கள். வயர் இல்லாத, முன்னால் திறக்கிற, அழுத்தாத ஒன்றைப் போடுங்கள்.

பாடசாலை ஆசிரியைமார் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எட்டாம் வகுப்பு வரை வலைப்பந்து மைதானத்தில் பறந்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் "வயிற்று வலி டீச்சர்" என்று ஓரமாக உட்காருகிறாளே, ஏன் என்று கேட்டீர்களா? இங்கிலாந்தில் 2,000-க்கு மேற்பட்ட பாடசாலை மாணவிகளிடம் கேட்டு 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. தங்கள் மார்பின் காரணமாக விளையாட்டில் சேர்வது பாதிக்கப்படுகிறது என்று 46 வீதமான பிள்ளைகள் சொன்னார்கள். குதிக்கும்போது மார்பு அசைகிறது, பார்க்கிறார்கள் என்ற கூச்சம் ஒரு முக்கியமான காரணம். ஓடுவதற்கென்று ஒரு பிராவே 1977-இல்தான் வந்தது. அதையும் கம்பனி முதலாளிமார் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்களின் உள்ளாடை இரண்டை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துப் பார்த்தார்கள். பெண்களின் தேவையைப் பெண்கள்தான் தைத்துத் தீர்த்தார்கள். ஆகவே டீச்சர்மாரே, சப்பாத்து வாங்கச் சொல்கிற மாதிரி இதையும் தாய்மாரிடம் சொல்லுங்கள்.

பயம் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதையும் தீர்த்துவிடுகிறேன். பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரெட் ஹட்சின்சன் நிலையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கு நின்ற பெண்களிடம், எத்தனை மணி நேரம் போட்டார்கள், வயர் இருந்ததா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தும் அப்படி ஒரு தொடர்பு காணப்படவில்லை. பிராவுக்குப் பயப்பட வேண்டாம். கட்டியைக் கவனிக்காமல் விடுவதற்குப் பயப்படுங்கள். இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுநோய்க்குத்தான். 1996 முதல் இந்த நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, 35 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. உங்கள் தோட்டத்துக்கு வரும் மிட்வைப் அம்மாவிடம் நாள் கேளுங்கள். அளவெடுக்க மார்பைத் தொட்டுப் பார்க்கப் பழகிய கை, கட்டி வந்தாலும் சீக்கிரம் கண்டுபிடிக்கக்கூடும்.

இந்த டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளிமாரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். 34, 36, 38, 40 என்று எண்ணை மட்டும் அடுக்கி வைக்காதீர்கள். எழுத்தையும் அடுக்குங்கள். டி-யோடு நிறுத்தாதீர்கள். கடையின் ஒரு மூலையில் திரை போட்டு ஒரு கண்ணாடி வையுங்கள், விற்கப் பெண்பிள்ளை ஒருத்தியை வையுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து திரும்பி வந்து வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

கார்மெண்டில் இருக்கும் மகள்மாரே, அடுத்த தீபாவளிக்கு வரும்போது சேலையோடு ஒரு டேப்பையும் கொண்டுவந்து அம்மாவை அளந்துவிட்டுப் போங்கள்.

கூட்டம் முடிந்ததும் தேநீர் கொடுப்பார்கள். தேநீரைக் குடித்துவிட்டு, விரும்புகிறவர்கள் மேடைக்குப் பின்னால் உள்ள அறைக்கு வாருங்கள். டேப் இரண்டு வைத்திருக்கிறேன், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. இரண்டு இரண்டு பேராக வந்து ஒருவரை ஒருவர் அளந்துகொள்ளுங்கள். எண்ணையும் எழுத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தருகிறேன். கடைசி பஸ் போகுமுன் எல்லோரையும் முடித்துவிடலாம்.